தரவுப் பாதுகாப்பு யாருக்கு?

ஒரு சட்டம் யாருக்காக இயற்றப்பட்டது என்பதை அறிய அதன் முகவுரையைப் படிப்பதைவிட, அதன் எந்தப் பிரிவு முந்தி அமலுக்கு வருகிறது என்று பார்ப்பது நல்லது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நம் விவரங்களைச் சேகரிக்குமுன் முறையாக ஒப்புதல் பெறுவது, கசிந்தால் நமக்குத் தெரிவிப்பது, கேட்டால் அழிப்பது ஆகிய கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் 44(3) பிரிவோ உடனே அமலுக்கு வந்துவிட்டது.

அந்தத் திருத்தம் அளவில் சிறியது, விளைவில் பெரியது. பொதுப் பணியோடு தொடர்பில்லாததாகவோ, அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுவதாகவோ இருந்தால் மட்டுமே தனிநபர் விவரத்தை மறுக்கலாம் என்றது பழைய 8(1)(ஜே) பிரிவு. பெரிய பொதுநலன் இருந்தால் அப்போதும் தரலாம். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலைக் குடிமக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அதோடு இருந்தது. இவை அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. ‘இது தனிநபர் தொடர்பான தகவல்’ என்று ஒரு வரி எழுதினாலே இனி மனுவைத் தள்ளிவிடலாம்.

ஊழலுக்கு எப்போதும் பெயர் உண்டு. 1990களில் ராஜஸ்தான் கிராமங்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய மக்கள் விசாரணைகளில் வேலையாட்களின் பெயர்ப் பட்டியலும் கூலிக் கணக்கும் ஊரார் முன் வாசிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்கள் பெயரில் பணம் எடுக்கப்பட்டது அப்படித்தான் அம்பலமானது. 2005இல் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டமே வித்திட்டது. குறைகள் கொண்டதாக இருந்தாலும், இத்தகைய சட்டத்தை இந்தியாவில் முதன்முதலில், 1997இலேயே, இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. கையெழுத்திட்ட அதிகாரி, ஒப்பந்தம் எடுத்தவர், பயன்பெற்றவர் ஆகியோரின் பெயர்களை அழித்துவிட்டுத் தரும் கணக்கை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்ததை அரசு சுட்டிக்காட்டுகிறது. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தர இடமளிக்கும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறதே என்றும் கேட்கிறது. இரண்டும் உண்மைதான். ஆனால், அந்தரங்கத்தையும் பொதுநலனையும் ஒருசேர நிறுத்துப் பார்க்கும் ஏற்பாடு பழைய பிரிவிலேயே இருந்தது. புதிதாக அங்கே காக்க வேண்டியது எதுவும் இல்லை. 8(2) பிரிவின்படி தகவல் தருவது அதிகார அமைப்பின் விருப்புரிமை. முன்பு மறுப்பவர் காரணம் காட்ட வேண்டியிருந்தது. இனி கேட்பவர் பொதுநலனை மெய்ப்பிக்கப் போராட வேண்டும்.

சரி, இந்த விலையைக் கொடுத்துச் சாமானியருக்குக் கிடைத்த பாதுகாப்பு என்ன? 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் மருத்துவ ஆவணங்களோடு டெலிகிராமில் வெளியாயின. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ஊரறிந்துவிட்ட நோயை என்ன செய்வது? அலட்சியத்தால் இப்படி இழப்பு ஏற்படுத்தும் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு. புதிய சட்டம் அதையும் நீக்க வழிசெய்கிறது. தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அது போய்ச் சேருமிடம் இந்தியத் தொகுப்பு நிதி. பாதிக்கப்பட்டவருக்குச் சல்லிக்காசு கிடையாது. அவர் கொடுத்த புகார் அற்பமானது என்று முடிவானால், 10,000 ரூபாய் வரை அவர்தான் அபராதம் கட்ட வேண்டும்.

இந்தப் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய அரசு. ஆதார், வருமான வரி என்று நாட்டிலேயே மிக அதிகமான தனிநபர் விவரங்களை வைத்திருப்பதும் அரசுதான். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டித் தன் அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கும் அதிகாரத்தையும் அரசு தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. தன்மீதே புகார் வரும்போது தான் நியமித்தவர்களே தீர்ப்புச் சொல்வார்கள் என்பது நீதிக்கு அடுக்காது.

குடிமக்களின் விவரங்கள் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் திறந்தே கிடக்க, ஆட்சியின் விவரங்கள் குடிமக்களுக்கு மூடப்படுவதைத் தரவுப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது. 44(3) பிரிவை நாடாளுமன்றம் ரத்துசெய்து பழைய வாசகத்தை மீட்க வேண்டும். கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரும் உரிமை தொடர வேண்டும். வாரிய நியமனம் அரசின் பிடியிலிருந்து விடுபட்ட தேர்வுக் குழுவிடம் போக வேண்டும். இவற்றுக்காகத் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுக்க வேண்டும். தகவல் உரிமையில் முன்னோடி மாநிலம் என்ற பெருமை அவர்களுக்கு அந்தக் கடமையையும் சேர்த்தே தந்திருக்கிறது.