துபாயில் 90 நாள் அவகாசம், ஊரில் ஒரே ஒரு குரல்பதிவு





பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடி போன்ற பேரூர்களில் இன்று வாடகை உயர்வு எப்படி வந்து சேருகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். கலந்து பேசி வருவதில்லை, கடிதமாகவும் வருவதில்லை. வீட்டு உரிமையாளர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மாதம் பிறக்க இரண்டு நாள் இருக்கையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வரும்: "ஒண்ணாம் தேதியிலேர்ந்து ஆயிரம் ரூபா சேத்துப் போடுங்க பாய். தோதுப்படலைன்னா வேற வீடு பாத்துக்கங்க." பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்று கேட்டால், "என் வீடு, என் இஷ்டம்" என்ற பதில் கிடைக்கும்.

நாம் சொல்ல வருவதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வாடகையை உயர்த்துவது ஹராம் அன்று. வீடு கட்டியவர் அதிலிருந்து வருவாய் பெறுவது ஹலாலான சம்பாத்தியமே. ஆனால் பேசிய காலத்தின் நடுவில், அவகாசம் தராமல், குடியிருப்பவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதை அறிந்துகொண்டே உயர்த்துவது அநீதி. "என் வீடு" என்ற சொல்லால் அந்த அநீதி ஹலாலாகிவிடாது.

வாடகை விடுவது என்றால் என்ன?

ஃபிக்ஹ் நூல்கள் வாடகையை 'இஜாரா' என்ற தலைப்பில் பேசுகின்றன. ஒரு பொருளின் பயன்பாட்டைக் குறிப்பிட்ட காலத்திற்கு, குறிப்பிட்ட தொகைக்கு விற்பதே இஜாரா. வீட்டின் உடைமை உரிமையாளரிடமே இருக்கிறது. ஆனால் அதில் வசிக்கும் உரிமையை அந்தக் காலம் முடியும்வரை அவர் விற்றுவிட்டார். ஒரு மூட்டை அரிசியை விலை பேசி விற்றுவிட்டு, வாங்கியவர் வீட்டுக்குப் போனபின் கதவைத் தட்டி, "விலை ஏறிவிட்டது, மேலும் நூறு ரூபாய் தா" என்று ஒரு வியாபாரி கேட்டால் நாம் அவரை என்ன சொல்வோம்? ஆறாவது மாதத்தில் பதினொரு மாத ஒப்பந்தத்தை மாற்றும் உரிமையாளரும் அதையே செய்கிறார்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்று இறைநம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிட்டே அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. மத்யன் நகரத்துப் பெரியவரிடம் மூஸா (அலை) அவர்கள் பணிக்கு அமர்ந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயத்தின் 27, 28 ஆம் வசனங்களில் காண்கிறோம். இஜாராவுக்கு ஆதாரமாக அறிஞர்கள் காட்டும் இடங்களில் இதுவும் ஒன்று. எட்டு ஆண்டு என்று காலம் பேசப்படுகிறது; பத்தாக நிறைவு செய்வது மூஸா (அலை) அவர்களின் விருப்பத்திற்கே விடப்படுகிறது. உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தைப் பெரியவர் அப்போதே சொல்லிவிடுகிறார். இவ்விரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் அதற்குமேல் என்மீது வரம்பு மீறப்படக்கூடாது என்று மூஸா (அலை) அவர்களும் கூறி, இருவருக்கும் சாட்சியாக அல்லாஹ்வை நிறுத்துகிறார்கள். கையில் ஒன்றுமில்லாமல் அந்நிய ஊருக்கு வந்தவர் மூஸா (அலை). வேலையும் இருப்பிடமும் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர் அந்தப் பெரியவர். வலுவானவர் அவராக இருந்தும், கூடுதல் சுமை ஏற்றமாட்டேன் என்று முதலில் சொன்னவரும் அவரே. உரிமையாளர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

"எங்களுக்குள் காலம் எதுவும் பேசவில்லை, மாத வாடகைதான்" என்று சிலர் சொல்லக்கூடும். 'மாதம் இவ்வளவு' என்று மட்டும் பேசினால் முதல் மாதத்திற்கு ஒப்பந்தம் செல்லும், அடுத்த மாதம் தொடங்கியும் குடியிருப்பு தொடர்ந்தால் அம்மாதத்திற்கும் அதே தொகையில் அது உறுதியாகிறது என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹபில், முடியும் காலம் சொல்லாத அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்பதே வலுவான கருத்து. இரு வழிகளிலும் கிடைக்கும் பாடம் ஒன்றே: காலத்தையும் தொகையையும் தெளிவாகப் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டையும் இருட்டில் வைத்துவிட்டு, அந்த இருட்டையே வசதியாகப் பயன்படுத்திக்கொள்ள எந்த மத்ஹபிலும் இடமில்லை.

"விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்" என்ற வாதம்

மார்க்கம் தெரிந்தவர்களாகத் தம்மைக் கருதும் சிலர் ஒரு நபிமொழியைக் காட்டுவார்கள். மதீனாவில் விலைவாசி ஏறியபோது, விலை நிர்ணயம் செய்து தருமாறு தோழர்கள் கேட்டார்கள். விலையை நிர்ணயிப்பவன் அல்லாஹ்வே என்று சொல்லி நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் உள்ளது.

செய்தி உண்மை. ஆனால் இதைக் காட்டுவோர் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உயிர் விஷயத்திலோ பொருள் விஷயத்திலோ எவரும் என்மீது அநீதிக் குற்றம் சாட்டாத நிலையில் அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புகிறேன் என்ற கருத்தோடு அந்த நபிமொழி முடிகிறது. ஆக, அநீதிக்கு அஞ்சிச் சொல்லப்பட்ட சொல்லை அநீதிக்குக் கேடயமாக எடுப்பது எந்த வகையில் நியாயம்? மேலும் அது சந்தையில் புதிதாக நடக்கும் விற்பனையைப் பற்றியது. பேசி முடித்த விலையை நடுவில் மாற்றலாம் என்று அதிலிருந்து எவரும் சட்டம் எடுக்கவில்லை. விலை நிர்ணயம் சில சூழல்களில் அநீதியாகும், வேறு சில சூழல்களில் நீதியும் கடமையுமாகும் என்று இமாம் இப்னு தைமிய்யா தம் 'அல்ஹிஸ்பா' நூலில் பிரித்துக் காட்டியிருப்பதையும் நினைவூட்டுகிறோம்.

"வரி ஏறிவிட்டது" என்ற வாதம்

இது நியாயம் கலந்த வாதம். தமிழ்நாட்டில் 2022 ஆம் ஆண்டு சொத்துவரி உயர்த்தப்பட்டது. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1200 சதுர அடி வரை 50 விழுக்காடும் உயர்ந்தது. சுண்ணாம்பு அடிக்கும் கூலியும் குழாய் பழுதுபார்க்கும் கூலியும் ஏறித்தான் இருக்கின்றன.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, அரையாண்டுக்கு 1,000 ரூபாய் வரி கட்டிய வீட்டுக்கு 50 விழுக்காடு உயர்வால் 1,500 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். கூடுதல் தொகையான 500 ரூபாயை ஆறு மாதத்திற்குப் பிரித்தால் மாதத்திற்கு ஏறக்குறைய 83 ரூபாய். அதைக் காரணம் காட்டி மாதம் 1,000 ரூபாய் உயர்த்தினால், மீதியுள்ள 917 ரூபாய்க்கு வரி எப்படிக் காரணமாகும்? செலவு ஏறியிருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். அதை எவரும் குறைகூறமாட்டார்கள்.

அங்கே ஒரு நீதி, இங்கே ஒரு நீதியா?

நம் ஊர்ப்பக்கத்துச் சகோதரர்கள் பலர் துபாயில் தாமே வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். அங்கே நடைமுறை என்ன? 2007 ஆம் ஆண்டின் 26 ஆம் எண் சட்டமும் அதைத் திருத்திய 2008 ஆம் ஆண்டின் 33 ஆம் எண் சட்டமும், ஒப்பந்த நிபந்தனைகளை மாற்ற விரும்புபவர் அது முடிவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்கின்றன. இருதரப்பும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் மட்டுமே இதில் விலக்கு. 2013 ஆம் ஆண்டின் 43 ஆம் எண் ஆணை உயர்வுக்கும் எல்லை வகுத்தது. தற்போதைய வாடகை அந்தப் பகுதியின் சராசரியைவிட 10 விழுக்காடு வரை மட்டுமே குறைவாக இருந்தால் உயர்வே கிடையாது. அதற்கும் கீழே போகப்போக 5, 10, 15 விழுக்காடு என ஏறி, 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைவாக இருந்தால் அதிகபட்சம் 20 விழுக்காடு.

அறிவிப்பு இல்லாமல் வாடகையை உயர்த்தினால், அங்கே நம் சகோதரர் அந்தச் சட்டத்தைக் காட்டி முறையிடுவார். அது அவர் உரிமை. அதே சகோதரர் அன்றிரவே ஊரில் உள்ள தம் குடித்தனக்காரருக்கு இரண்டு நாள் அவகாசத்தில் குரல்பதிவு அனுப்புகிறார். பிறரிடமிருந்து வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களைப் பற்றி அல்முதஃப்ஃபிஃபீன் என்றொரு அத்தியாயமே இறங்கியிருக்கிறது. தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டும் சொன்னதாக அதை ஓதிக் கடந்துவிட வேண்டாம்.

உடன்பட்டாரா, வேறு வழியில்லையா?

"அவரே சம்மதித்துத்தானே தருகிறார்" என்பது கடைசி வாதம். அன்னிஸா அத்தியாயத்தின் 29 ஆம் வசனம் பரஸ்பரத் திருப்தியை வணிகத்தின் நிபந்தனையாக்குகிறது. பள்ளி ஆண்டின் நடுவில், மூன்று பிள்ளைகளையும் வயதான தாயாரையும் வைத்துக்கொண்டு, வேறு வீடு கிடைக்காமல் தலையாட்டுபவரின் மனத்தில் அந்தத் திருப்தி இருக்கிறதா?

முஸ்லிம் என்றால் நகரங்களில் வீடு கிடைப்பது கடினம் என்று நாம் மேடைதோறும் வேதனைப்படுகிறோம். வேதனை உண்மையானது. அதனால்தான் நம் மக்கள் பள்ளிவாசலை ஒட்டிய தெருக்களிலேயே வீடு தேடுகிறார்கள். வெளியார் ஏற்படுத்திய அந்த நெருக்கடியை நம்மவரே வாடகையாக மாற்றிக்கொள்வது எவ்வளவு பெரிய கொடுமை!

இதன் விளைவுகள் வாடகையோடு நிற்பதில்லை. மாத வாடகை தாங்காத குடும்பங்கள் 'ஒத்தி'க்கு ஓடுகின்றன. பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது ஒத்தி. கொடுத்த தொகை கடன். அதற்காகக் கிடைத்த குடியிருப்பு ஆதாயம். கடன் ஈட்டித்தரும் ஆதாயம் வட்டி என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. அந்தத் தொகையைத் திரட்ட நகையை வட்டிக்கு அடகு வைத்தால் ஒரு வட்டி இரண்டாகிறது. மறுபக்கம், வீடு மாறிப்போன பிள்ளைகளின் பெயர்கள் மக்தப் வருகைப் பதிவேட்டில் ஆண்டின் நடுவில் அடிக்கப்படுகின்றன. யாஸீன் பாதியில் நின்ற பிள்ளை புதிய ஊரில் அதைத் தொடருமா என்பதற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை.

குடியிருப்பவருக்கும் கடமை உண்டு

அளவுகோல் இருதரப்புக்கும் பொதுவானது. வசதியிருந்தும் வாடகையை இழுத்தடிப்பதும் அநீதியே. வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கியிருக்கிறார்கள். காலம் முடிந்தபின், உரிமையாளர் கேட்டும் வெளியேற மறுப்பது பிறர் உடைமையை அபகரிப்பதாகும். வக்ஃபுச் சொத்தை அதன் தகுந்த வாடகைக்குக் குறைவாக விடலாகாது என்று ஃபுகஹாக்கள் சொல்லியிருக்க, பள்ளிவாசல் கடையில் பல்லாண்டு பழைய வாடகையில் அமர்ந்துகொண்டு, அதை உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. நாட்டின் வக்ஃபுச் சொத்துகள் ஆண்டுக்கு 12,000 கோடி ரூபாய் ஈட்டக்கூடியவை, ஈட்டியதோ ஏறக்குறைய 163 கோடி என்று 2006 இல் சச்சார் குழு அறிக்கை கணக்கிட்டது. தாம் குடியிருக்கும் வீட்டுக்கு நீதி கேட்பவர், தம் கடைக்கு அல்லாஹ்வின் பெயரால் விடப்பட்ட சொத்தின் நீதியைக் கொடுத்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

இனி செய்ய வேண்டியவை

முதலாவது, எழுத்து. கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282 ஆம் வசனம் குர்ஆனிலேயே நீளமானது. சட்டமும் இன்று எழுத்தையே கேட்கிறது. 1960 ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்தில் நியாய வாடகையை நிர்ணயிக்க அதிகாரி இருந்தார். அதற்குப் பதிலாக வந்த 2017 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகையும் அதன் உயர்வும் எழுத்துவடிவ ஒப்பந்தத்தின்படியே அமையும். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி நெருக்குவதையும் அது தடுக்கிறது. எழுதாமல் குடிபுகுந்தவர் தம் கையில் இருந்த பாதுகாப்பைத் தாமே நழுவவிடுகிறார்.

இரண்டாவது, திடீர் உயர்வைச் சந்திப்பவர் சண்டைக்கும் போக வேண்டாம். அஞ்சி உடனே தலையாட்டவும் வேண்டாம். ஒப்பந்தத்தில் உள்ள தொகையை உரிய தேதியில், சான்று இருக்கும்படி வங்கி வழியாகச் செலுத்திவிடுங்கள். "காலம் முடியும்போது பேசுவோம், இன்ஷா அல்லாஹ்" என்று கண்ணியமாக எழுத்தில் பதில் அனுப்புங்கள். ஊர் ஜமாஅத் பெரியவர் ஒருவரை நடுவே வையுங்கள்.

மூன்றாவது, ஜமாஅத்துகள். நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கும் ஜமாஅத், ஒரு பக்க வாடகை ஒப்பந்தப் படிவத்தையும் வைத்திருக்கலாமே! காலம், தொகை, ஆண்டு உயர்வின் விழுக்காடு, மூன்று மாத முன்னறிவிப்பு, பள்ளி ஆண்டின் நடுவில் காலி செய்யச் சொல்லாமை ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் பெரும்பாலான தகராறுகள் தொடங்கவே தொடங்கா. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், பேசித் தீர்க்கும் அதிகாரத்தோடு ஊரில் ஒருவரை நியமிக்கட்டும்.

விற்கும்போதும் வாங்கும்போதும் தம் உரிமையைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருள் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்ததை இமாம் புகாரீ பதிவு செய்துள்ளார்கள். அந்த துஆவில் தாமும் சேர வேண்டும் என்று விரும்பும் வீட்டு உரிமையாளர், அடுத்த குரல்பதிவை அனுப்புமுன் ஒப்பந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

பேசிய பேச்சைக் காப்பவர்களாகவும், பலவீனரின் நெருக்கடியில் லாபம் தேடாதவர்களாகவும் நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.