சுண்ணாம்பு விரல்

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு அக்கா மகள் ஏஐ செயலியில் எழுதி வாங்கிய அஞ்சலியைக் காட்டினாள். ‘அன்பின் உருவம், பண்பின் சிகரம்’ என்று ஓடியது. பிழையில்லை, ஆனால் அதில் எங்கள் அப்பாவைக் காணோம். அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டே இத்தகைய செயலிகளின் மொழி மாதிரிகள் எழுதுகின்றன. அதனால் அந்த அஞ்சலி யார் வீட்டுச் சாவுக்கும் பொருந்தும். ‘மேலும்’களை வெட்டி, நடுவே கொஞ்சம் பேச்சுவழக்கைத் தூவினால் மனிதர் எழுதியது போலாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் துளியும் நம்பிக்கையில்லை. “தாத்தான்னா உனக்கு என்னம்மா ஞாபகம் வருது?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். “வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுன விரலை வேட்டியில தொடைச்சுட்டுத்தான் தாத்தா என் தலையைத் தொடுவாரு.” அதை முதல் வரியாக வைத்து மற்றதை அவளே எழுதினாள். அரைப் பக்கம் வந்தது.