பூட்டும் திறவுகோலும்

அரசு என ஒன்று தோன்றிய நாள் தொட்டே அதன் ஓலையைக் காப்பதும் ஒரு கவலையாக இருந்து வந்திருக்கின்றது. முன்னாளில் அரக்கு முத்திரையும் நம்பிக்கையுள்ள தூதனும் போதுமாயிருந்தன. இந்நாளிலோ மந்திரிகளும் செயலாளர்களும் கைத்தொலைபேசியிலேயே பல கருமங்களை முடிக்கின்றனர். அச்செய்திகள் பிறநாட்டுக் கம்பனியொன்றின் செயலி வழியே செல்லுமாயின், ஓலை நம்முடையது, ஓலைப்பெட்டியோ அயலானுடையது. இது தகுமா?

பிரான்ஸ் தேசம் 2019ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கண்டது. தன் உத்தியோகத்தருக்கெனச் 'சாப்' என்னும் செய்திச் செயலியை அமைத்து, அரசின் சொந்தச் சேவையகங்களில் நிறுவியது. எவரும் எடுத்தாளத்தக்க 'மற்றிக்ஸ்' என்னும் பொது நெறிமுறையே அதன் அடிப்படை. ஜேர்மனியின் இராணுவமும் அந்நெறியையே மேற்கொண்டது. 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பிரான்சின் பிரதமர் விடுத்த சுற்றுநிருபம், செப்டெம்பர் முதல் மந்திரிகளும் அவர்தம் அலுவலகத்தாரும் இச்செயலியையே பயன்படுத்துமாறு பணித்தது.

சாப் என்னும் பெயர் குளோட் ஷாப் என்பாரை நினைவூட்டுவது. அவர் 1794இல் பரிசுக்கும் லீல் நகருக்கும் இடையே கோபுரங்களை நிறுத்திச் செய்தி அனுப்பியவர். இடைக் கோபுரத்தான் அடுத்த கோபுரத்தின் மரக்கைகளைப் பார்த்துத் தன் கைகளையும் அவ்வாறே அசைப்பான்; பொருள் அவனறியான். குறியகராதி இரு முனைகளிலும் உள்ளோரிடமே இருந்தது. இன்றைய மறைகுறியாக்கமும் இத்தகையதே. திறவுகோல் அனுப்புவோரிடமும் பெறுவோரிடமும் இருக்க, இடையிலுள்ள சேவையகம் பூட்டிய பெட்டியைச் சுமக்கின்றதேயன்றித் திறந்து பார்க்க வல்லதன்று.

மாணவர் சிலர் ஓர் ஐயம் எழுப்பலாம். செயலியின் உள்ளமைப்பை எல்லாரும் படிக்கலாமெனின், பகைவனும் படிப்பானன்றோ? பரிசில் மொழியாசிரியராயிருந்த ஒகுஸ்ற் கெர்க்கொவ்ஸ் 1883இலேயே இதற்கு விடை கூறினார். பூட்டின் அமைப்பு பகைவன் கைக்கு எட்டினும் கேடு வரலாகாது. மறைக்க வேண்டியது திறவுகோல் ஒன்றே என்பது அவர் கொள்கை. பலர் பார்க்கும் பூட்டின் குறையும் விரைவில் புலப்படும். 'சாப்' வெளிவந்தவுடனேயே ஆராய்ச்சியாளர் ஒருவர், உத்தியோகத்தரல்லாதாரும் உள்ளே நுழையத்தக்க வழியொன்றைக் கண்டு அறிவித்தார். அது விரைந்து அடைக்கப்பட்டது.

ஆயினும் பூட்டு மாத்திரம் போதாது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அமெரிக்க உயரதிகாரிகள் யேமன் மீதான தாக்குதலைப்பற்றி 'சிக்னல்' செயலியிற் கலந்தபோது, பத்திரிகாசிரியர் ஒருவரும் தவறுதலாக அக்குழுவிற் சேர்க்கப்பட்டிருந்தார். அச்செயலியின் பூட்டு உடையவில்லை. உள்ளிருந்தோரே கதவைத் திறந்துவிட்டனர். அரசின் சொந்த மன்றமாயின், யார் உள்ளே வரலாமென்பதை அரசே வரையறுக்கலாம். எனினும், வரையறுத்த விதியைப் பேணவேண்டியவர் உத்தியோகத்தரே. நாட்டின் ஓலைக்கு நல்ல பெட்டியும் வேண்டும். அதனைக் காப்பவர்க்கு விழிப்பும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மற்றொன்றால் ஈடுசெய்யலாமென எண்ணுதல் பேதைமை என்பதே எமது துணிபு.