ரைசன் 5 7600-ஆ, கோர் ஐ5 14400-ஆ? ராம் விலை எகிறிய நேரத்தில் எதை வாங்கலாம்?

புதுசாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணலாம் என்று பட்ஜெட் போட்டு வைத்தவர்களுக்கு இது கொஞ்சம் சோதனையான நேரம். 2025-ன் பிற்பகுதியில் ஏறத் தொடங்கிய ராம் விலை, பலருடைய கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமென்றால் இன்டெலில் 8-வது தலைமுறை அல்லது ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையாவது இருக்க வேண்டும். அதற்கும் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் மாற்றியே ஆக வேண்டிய நிலை.

பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி இரண்டு மேட்ச் கேம். இதற்கு நடுத்தர விலையில் ஒரு பிராசஸர் தேடினால், கடைக்காரர் முதலில் சொல்லும் பெயர்களில் இந்த இரண்டும் இருக்கும்: ஏஎம்டியின் ரைசன் 5 7600, இன்டெலின் கோர் ஐ5 14400. எதை வாங்குவது? யூடியூப் வீடியோக்கள் பெரும்பாலும் 'எது வேகம்' என்பதிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் இன்றைய விலையில், 'உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது' என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரைசன் 5 7600, 2023 ஜனவரியில் வந்தது. 6 கோர், 12 த்ரெட். அதிகபட்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ். எல்3 கேஷ் 32 எம்பி.

கோர் ஐ5 14400, 2024 ஜனவரியில் வந்தது. இதில் மொத்தம் 10 கோர். ஆனால் பத்தும் ஒரே மாதிரி கிடையாது. 6 கோர்கள் வேகமானவை. மீதி 4 கோர்கள் குறைந்த மின்சாரத்தில் பின்னணி வேலைகளைப் பார்ப்பவை. கல்யாண வீட்டுச் சமையலில் ஆறு மாஸ்டர்களும் நாலு உதவியாளர்களும் இருப்பது மாதிரி. மொத்தம் 16 த்ரெட், அதிகபட்சம் 4.7 கிகாஹெர்ட்ஸ், எல்3 கேஷ் 20 எம்பி.

காகிதத்தில் '10 கோர்' என்று பார்த்ததும் இன்டெல் பக்கம் சாயத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். எந்த வேலைக்கு எது உதவும் என்பது வேறு கதை.

கேமிங்கில் யார் முன்னால்?

ரைசன் 5 7600. பெரும்பாலான கேம்கள் எல்லா கோர்களையும் ஒரே அளவில் பயன்படுத்துவதில்லை. சில கோர்களின் வேகமும், பக்கத்திலேயே இருக்கும் கேஷ் நினைவகத்தின் அளவும்தான் அங்கே முக்கியம். இரண்டிலும் 7600-க்குக் கை ஓங்கியிருக்கிறது.

ஆனால் இந்த முன்னிலையை நீங்கள் உணர்வீர்களா? அது உங்கள் கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தது. பிராசஸர்களை ஒப்பிடும் சோதனைகளில் மிக விலை உயர்ந்த கார்டைப் போட்டு, 1080பி திரையில் ஓட்டுவார்கள். கார்டு தடையாக இல்லாமல், பிராசஸர்களின் வித்தியாசம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது அது. சோதனை முறையாக அது சரிதான். ஆனால் நம் வீட்டு மெஷினில் இருக்கப் போவது ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி ஒரு நடுத்தர கார்டு. சைபர்பங்க் 2077 போன்ற ஒரு கேமை ஹை செட்டிங்கில் ஓட்டும்போது முதலில் மூச்சு வாங்குவது கார்டுதான். பிராசஸர் காத்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் இரண்டு சிப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியாது.

விதிவிலக்கு உண்டு. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மாதிரி போட்டி கேம்களை செட்டிங்கைக் குறைத்து, 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவர்கள். இவர்களுக்குப் பிராசஸர்தான் எல்லை. இங்கே 7600 வாங்கியதன் பலன் கண்ணுக்கே தெரியும்.

ஆபீஸ் வேலை, எடிட்டிங், கோடிங்?

வேர்டு, எக்செல், பிரவுசர், ஜூம் மீட்டிங் அளவில் இரண்டுமே தேவைக்கு மேல். வித்தியாசம் தேட வேண்டாம்.

ஒரே நேரத்தில் எல்லா கோர்களையும் வேலை வாங்கும் இடங்களில் 14400 முன்னே போகும். வீடியோ ரெண்டரிங், 3டி, பெரிய புராஜெக்ட்டை கம்பைல் செய்வது, பின்னணியில் பல சாஃப்ட்வேர்களை ஓடவிட்டு வேலை பார்ப்பது போன்றவை அந்த ரகம். கூடுதலாக இருக்கும் 4 சின்ன கோர்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கும். ஆனால் அரை மணி நேர ரெண்டரில் சில நிமிடங்கள் மிச்சமாகும் அளவிலான முன்னிலைதான் அது. நேரம் பாதியாகக் குறைந்துவிடாது.

வீடியோ எடிட்டர்களுக்கு இன்னொரு விஷயம் முக்கியம். 14400-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் 'குவிக் சிங்க்' என்ற வசதி உண்டு. கேமராவில் எடுத்த வீடியோவை டைம்லைனில் விக்காமல் ஓட்ட இது உதவும். குறிப்பாக, இப்போதைய மிரர்லெஸ் கேமராக்களில் 10-பிட் 4:2:2 எச்இவிசி ஃபார்மேட்டில் எடுப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. 7600-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த ஃபார்மேட்டைக் கையாளாது. கல்யாண வீடியோ, ரீல்ஸ், யூடியூப் என்று சம்பாதிப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

பெயருக்குப் பின்னால் வரும் 'எஃப்' என்ன?

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். 14400-ம் 14400எஃப்-ம் ஒன்று கிடையாது. 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வேலை செய்யாது. அதனால் விலை குறைவு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. மேலே சொன்ன குவிக் சிங்க்கும் கிடையாது.

கேம் மட்டும்தான் என்றால் 'எஃப்' ஓகே. எடிட்டிங்குக்காகவே இன்டெல் பக்கம் போகிறவர் 'எஃப்' வாங்கினால், எதற்காகப் போனாரோ அதையே விட்டுவிட்டு வந்த கதைதான். 7600-ல் சாதாரண வேலைக்குப் போதுமான கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கார்டு சர்வீஸுக்குப் போனாலும் மெஷின் முடங்காது. கார்டை ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கும் இது வசதி.

ராம் விலை ஏன் இங்கே வருகிறது?

உலகின் பெரும்பாலான ராம் சிப்களைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். சாதாரண வாடிக்கையாளர்களுக்கான 'க்ரூஷியல்' பிராண்டையே நிறுத்தப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. நம் மேசைக்கு வர வேண்டிய ராம் குறைந்தது, விலை ஏறியது.

இப்போது பிராசஸருக்கு வருவோம். ரைசன் 5 7600 உட்காரும் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் பொருந்தும். வேறு வழியே இல்லை. கோர் ஐ5 14400-க்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஒரே போர்டில் இரண்டும் பொருந்தாது. எது என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதன் அர்த்தம் என்ன? 6-வது, 7-வது தலைமுறை ஐ5 வைத்திருக்கும் பலரிடம் இருப்பது டிடிஆர்4 ராம். விண்டோஸ் 11-க்காக மெஷினை மாற்ற வேண்டியவர்களும் இவர்கள்தான். இவர்களிடம் 16 ஜிபியோ 32 ஜிபியோ நல்ல ராம் இருந்தால், 14400-ஐ ஒரு டிடிஆர்4 போர்டில் போட்டுப் பழைய ராமையே தொடரலாம். ராமுக்குப் போக வேண்டிய மொத்தப் பணமும் மிச்சம். அந்தப் பணத்தில் ஒரு படி மேலான கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால், 7600 கேமிங்கில் காட்டும் முன்னிலையை எளிதில் தாண்டிவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கையில் இருப்பது 8 ஜிபி ஸ்டிக் ஒன்றுதான் என்றாலோ, 2133, 2400 மாதிரி பழைய வேகம் என்றாலோ இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. இரண்டு, 'டிடிஆர்4 மலிவு' என்று நினைத்துப் புதிதாக வாங்காதீர்கள். அதன் உற்பத்தியையும் குறைத்துவிட்டதால் அதுவும் விலை ஏறித்தான் இருக்கிறது. டிடிஆர்4-ல் லாபம் என்பது ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு மட்டும்தான்.

நாலு வருஷம் கழித்து?

இதில் ஏஎம்டி தெளிவாக முன்னால் நிற்கிறது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று அந்த நிறுவனம் 2024-ல் சொன்னது. இன்று 7600 வாங்கியவர், போர்டையும் ராமையும் அப்படியே வைத்துக்கொண்டு, பயாஸ் அப்டேட் செய்து, நாளை 9800எக்ஸ்3டி மாதிரி ஒரு சிப்புக்கு மாறலாம்.

14400 உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட், 12, 13, 14-வது தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட். ஐ7 14700 வரை, ஐ9 14900 வரை ஏறலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் போர்டும் மாற்ற வேண்டும். டிடிஆர்4 வழியில் போனவர்கள் அன்றைக்கு ராமும் வாங்க வேண்டும். அதாவது, இன்றைய சேமிப்பு ஒருவகையில் தள்ளிவைக்கப்பட்ட செலவு. ராம் விலை இறங்கும்வரை தள்ளிவைப்பது நல்லது என்று நினைத்தால் அதுவும் நியாயமான முடிவுதான்.

இன்டெல் சிப்கள் பழுதாகின்றன என்றார்களே?

13, 14-வது தலைமுறை இன்டெல் சிப்கள் சிலவற்றில் தேவைக்கு அதிகமான வோல்டேஜால் பாதிப்பு வந்தது உண்மை. 2024-ல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் அப்டேட் வெளியிட்டு, வாரன்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. அந்தப் பட்டியலில் ஐ5 வரிசையில் இருந்தவை 13600கே, 14600கே ரகங்கள்தான். 14400 அதில் இல்லை. ஏஎம்டி பக்கமும் 2023-ல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் போர்டிலேயே எரிந்த செய்திகள் வந்தன. பிறகு பயாஸ் மூலம் வோல்டேஜுக்கு வரம்பு வைத்தார்கள். எதை வாங்கினாலும் முதல் நாளே பயாஸ் அப்டேட் செய்துவிடுங்கள்.

சூட்டையும் மறக்க வேண்டாம். இரண்டையும் '65 வாட்' என்றுதான் விற்கிறார்கள். முழு பாரத்தில் 7600 சுமார் 88 வாட் வரை எடுக்கும். 14400, டர்போவில் 148 வாட் வரை போக அனுமதி உண்டு. கேம் ஆடும்போது இரண்டுமே அந்த அளவைத் தொடாது. ஆனால் ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், மணிக்கணக்கில் ரெண்டர் போடுபவர்கள் 14400-க்குக் கொஞ்சம் நல்ல கூலரும், ஆக மலிவாக இல்லாத போர்டும் எடுப்பது நல்லது.

கடைக்குப் போகும்போது

ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால், 'பாக்ஸ் பீஸா, டிரே பீஸா' என்று கேளுங்கள். பாக்ஸில் வந்தால் நிறுவனத்தின் 3 ஆண்டு வாரன்டியும், இந்த இரண்டு சிப்புக்கும் கூலரும் உண்டு. டிரே என்றால் பொதுவாகக் கூலர் கிடையாது. வாரன்டியும் கடைக்காரர் தருவதுதான். சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள்.

சரி, யாருக்கு எது?

எல்லாமே புதிதாக வாங்குபவர், கேமிங்தான் முதல் தேவை என்றால்: ரைசன் 5 7600. ராம் எப்படியும் வாங்கத்தான் வேண்டும். அதை டிடிஆர்5-ல் ஒரே முறை வாங்கிவிட்டால் அடுத்த அப்கிரேடுக்கும் கூட வரும்.

கையில் 16 ஜிபிக்குக் குறையாத, 3200 வேக டிடிஆர்4 ராம் இருப்பவர்: டிடிஆர்4 போர்டோடு ஐ5 14400 அல்லது 14400எஃப். மிச்சமாகும் பணம் கிராஃபிக்ஸ் கார்டுக்கு.

வீடியோ எடிட்டிங் வருமானமாக இருப்பவர்: 'எஃப்' இல்லாத 14400. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

ஏற்கெனவே ரைசன் 1600, 2600 போன்ற சிப்போடு பி450 போர்டு வைத்திருப்பவர்: இரண்டுமே வேண்டாம். போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பயாஸ் ஆதரவைப் பார்த்துவிட்டு, ரைசன் 5 5600-ஐ அதே போர்டில் மாட்டலாம். போர்டு, ராம் இரண்டுக்கும் செலவு இல்லை. ராம் விலை இறங்கும்வரை அந்த மெஷின் தாராளமாக ஓடும்.