பழம்பொருட் கடையும் நம் வீட்டுப் பரணும்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒரு தெரு உண்டு. பழம்பொருட் கடைகளுக்குப் பெயர் பெற்ற தெரு அது. அரையாண்டு விடுமுறையில் அத்தை வீட்டிற்குச் சென்றிருந்தபோது ஒரு மாலை முழுவதும் அங்கே சுற்றினேன். "பழைய தட்டுமுட்டுச் சாமானைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று அத்தை கேலி செய்தார்கள்.

அப்பப்பா! எத்தனை விதமான பொருட்கள்! அடியில் ஸ்வீடன் என்றும் ஜப்பான் என்றும் பொறித்த எனாமல் அடுக்குகள், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பூசிய மரவைகள், கைப்பிடி தேய்ந்த அரிவாள்மணைகள். ஒரு கடையில் ரவிவர்மா அச்சகத்துச் சரசுவதி படம். 1894-இல் பம்பாயில் தொடங்கிய அந்த அச்சகம் ஏராளமாக அச்சடித்த படங்களில் ஒன்றுதான். ஆனால் யாரோ ஒருத்தி சேலைக்குச் சரிகையும் மணியும் வைத்துத் தைத்து, அதை உலகில் ஒன்றே ஒன்றாக ஆக்கிவிட்டாள். கடைக்காரர் விலை சொல்லிக்கொண்டிருந்தார். நான் தையலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இவையெல்லாம் தெருவுக்கு வந்த கதை பெரியது. பர்மாவில் தொழில் செய்து செட்டிநாட்டார் கட்டிய மாளிகைகள் பல. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது பலர் அங்கிருந்ததை விட்டுவிட்டு ஓடிவர நேர்ந்தது. பின்னர் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், பராமரிக்க ஆளில்லை. வீட்டை இடித்தால் தேக்குத் தூண் முதல் உப்பு மரவை வரை கடைக்கு வருகிறது.

நம் பாரம்பரியத்தை விற்றுத் தின்கிறார்கள் என்று இக்கடைக்காரர்களைப் பலர் ஏசுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பூட்டுகளுக்கும் எடைக்கற்களுக்கும் நடுவே மரத்தாலான ஒரு பாடுபட்ட சுரூபம் கிடப்பதைக் கண்டதும் மனம் பதைத்தது. பாதங்கள் வழவழவென்று தேய்ந்திருந்தன. எத்தனை பெரிய வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பேர் முத்தி செய்தார்களோ! "இதையுமா விற்பீர்கள்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "விறகோடு வந்ததம்மா. நான் எடுத்து வைக்காவிட்டால் அடுப்புக்குப் போயிருக்கும்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏனெனில் குற்றம் கடையில் தொடங்கவில்லை, வீட்டில் தொடங்குகிறது என்பதே இப்போது என் கருத்து. எங்கள் ஆச்சியின் பித்தளை அண்டாவின் கழுத்தில் அவர்கள் பெயரும் கல்யாண வருடமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தன. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்குக்கோயில் பதிவேட்டையும் ரேஷன் கார்டையும் விட்டால், அவர்கள் பெயர் எழுதியிருந்த இடம் அது ஒன்றுதான். அதை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாளி வாங்கினோம். அன்று யாரும் வருந்தவில்லை. வாளி பளபளவென்று இருந்தது.

நூறாண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடைவிதிக்கும் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது. ஆனால் அண்டாவை எடைக்குப் போடாமல் காக்க எந்தச் சட்டம் வரும்? தோழியரே, உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். யாருடைய பொருள், எப்போது வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்கத்தான் வேண்டும் என்றால் அதற்குப் பிறகு விற்கலாம்.

அன்று அத்தை வந்து கூப்பிடும்வரை கடை கடையாக ஏறி, அண்டாக்களின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ பெண்களின் பெயர்கள் இருந்தன. ஆச்சியின் பெயர் இல்லை.