கசகசாச் செடியும் உழவன் வறுமையும்

செடி தானாக நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை. மாந்தர் அதனை எவ்வழியிற் பயன்கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தே இரண்டும் விளைகின்றன. நம் அடுக்களையிற் கறிக்கு அரைத்துச் சேர்க்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபின் ஆகின்றது. அவ்வபினிலிருந்து நோயாளியின் பெருநோவைத் தணிக்கும் மோர்பீனும் கிடைக்கின்றது. இளையோர் வாழ்வைச் சிதைக்கும் ஹெரோயினும் பிறக்கின்றது. இந்தியாவில் அரசின் அனுமதிப்பத்திரம் பெற்ற உழவர் மருந்தின் பொருட்டு இதனைப் பயிரிடுகின்றனர். அனுமதியின்றி மலைச்சாரல்களிலும் வறண்ட வெளிகளிலும் இதனைப் பயிரிடும் ஏழை உழவரை உலகம் எவ்வாறு நடத்துகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருளாகும்.

போதைப்பொருளைக் கட்டுப்படுத்த நாடுகள் ஒன்றுகூடியது நேற்று இன்றன்று. 1909 ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரிற் பதின்மூன்று நாடுகள் கூடி ஆராய்ந்தன. 1912 இல் ஹேக் நகரில் முதலாவது அபின் உடன்படிக்கை எழுந்தது. 1961 இல் முன்னைய உடன்படிக்கைகளை ஒருங்கிணைத்த தனி உடன்படிக்கையும், 1988 இல் வியன்னா நகரிற் சட்டவிரோதக் கடத்தலுக்கு எதிரான உடன்படிக்கையும் தோன்றின. இவற்றுட் கடைசியாகிய 1988 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 14 ஆம் உறுப்புரை, மொழிப்பயிற்சி உடையார் நின்று நோக்கத்தக்கது. சட்டவிரோதப் பயிரைத் தடுத்து அழித்தற்குரிய நடவடிக்கைகளை எடுத்தல் ஒவ்வொரு நாட்டின் கடமை என அது கட்டாய வினையாற் கூறுகின்றது. பயிரிடுவோர்க்கு வேறு வாழ்வளிக்கும் கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் இடத்திலோ, நாடுகள் ஒத்துழைக்கலாம், அவ்வொத்துழைப்பு அத்தகைய உதவியையும் உள்ளடக்கலாம் என்று வினையின் வலி குறைந்துவிடுகின்றது. செடியை அழித்தற்கு ‘வேண்டும்’. உழவனை வாழ்வித்தற்கு ‘லாம்’. ஒத்துழைப்பின் குறை இவ்விரு சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்திலேயே தொடங்குகின்றது.

உழவன் ஏன் இச்செடியை நாடுகின்றான்? பேராசையே காரணம் என்று எளிதிற் சொல்லிவிடுகின்றோம். உண்மை வேறு. அபின் கெட்டுப்போகாத பண்டம். சிறு பொதியிற் பெரும் பெறுமதி அடங்கும். வீதியில்லா மலையூரிலிருந்து கோவாவும் தக்காளியும் சந்தையை அடையுமுன் அழுகிவிடும். அபினையோ வாங்குவோன் வயலோரம் வந்தே கொண்டுபோவான். ஆப்கானிஸ்தானில் விளைவதற்கு முன்னரே விலை பேசி முற்பணம் கொடுக்கும் சலாம் என்னும் வழக்கமும் உண்டு. வங்கி காணாத ஊரில் அபினே வங்கி. நிலமற்ற குடியானவனுக்கு, குத்தகைக்கு நிலம் பெற்றுத் தரும் பயிரும் அதுவே. வள்ளுவனார் பொருட்பாலிற் கள்ளுண்ணாமையைக் கூறியதோடு அமையாது உழவையும் கூறினார். உழவை அடுத்து உடனே நல்குரவை வைத்தார். அவ்வைப்புமுறை சிந்திக்கத்தக்கது. போதையை ஒழிக்கப் புகுவோர் உழவையும், அதன் அயலிலே நிற்கும் வறுமையையும் சேர்த்துக் காணல் வேண்டும்.

அவ்வாறு கண்ட நாடு தாய்லாந்து. அங்கே 1959 இல் அபின் தடைசெய்யப்பட்டது. எனினும் வடக்கு மலைகளிற் பயிர் மறையவில்லை. 1960களின் நடுப்பகுதியில் ஏறக்குறைய 18,000 ஹெக்டேயரில் அது விளைந்தது. 1969 இல் மன்னர் பூமிபோல் அரச திட்டம் என்னும் பணியைத் தொடங்கினார். தாய்வான் குளிர்நாட்டுப் பழமரக் கன்றுகளை உதவிற்று. அமெரிக்கா ஆராய்ச்சிக்குப் பணம் அளித்தது. ஐக்கிய நாடுகள் சபையும் 1970களின் தொடக்கத்திலேயே மாற்றுப் பயிர் முயற்சியிற் பங்குகொண்டது. கோப்பி, பீச் பழம், மரக்கறி, மலர் என்பன பரீட்சிக்கப்பட்டன. விளைந்தவற்றைத் திட்டமே வாங்கிப் பதனிட்டு நகரச் சந்தைக்கு அனுப்பியது. வீதியும் பாடசாலையும் மருத்துவ வசதியும் உடன் சென்றன. நாம் கருத்திற் கொள்ள வேண்டியது காலக்கணக்கையே. அரசு செடிகளை முறையாக அழிக்கத் தொடங்கியது 1980களின் நடுப்பகுதியில். அதாவது, வேறு வாழ்வுக்கு வழி திறந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளின் பின்னரே. மன்னரின் அன்னையார் 1988 இற் சியாங்ராய் மாகாணத்தில் தொடங்கிய டொய் துங் திட்டமும் முப்பது ஆண்டுக்கு வகுக்கப்பட்டது. காடு வளர்க்கும் வேலைக்கு நாட்கூலி கொடுத்துத் தொடங்கி, கோப்பி, மக்கடேமியாக் கொட்டை, கைத்தொழில் எனப் படிப்படியாக அது உயர்ந்தது. அந்நூற்றாண்டு முடியும்போது தாய்லாந்தின் அபின் நிலம் ஆயிரம் ஹெக்டேயர் அளவிற் சுருங்கியிருந்தது.

இதன் மறுதலையை ஆப்கானிஸ்தானிற் காண்கின்றோம். 2022 ஏப்ரலிற் தலிபான் ஆட்சி அபின் பயிரைத் தடைசெய்தது. அவ்வாண்டு 233,000 ஹெக்டேயராக இருந்த பயிர்நிலம் மறு ஆண்டில் 10,800 ஹெக்டேயர் ஆயிற்று என ஐக்கிய நாடுகள் சபையின் போதைப்பொருள், குற்றம் பற்றிய அலுவலகம் கணக்கிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீத வீழ்ச்சி! உலகம் வியந்தது. ஆனால் அதே அறிக்கையில் வேறோர் எண்ணும் உண்டு. அபின் விற்று உழவர் பெற்ற வருமானம் 1,360 மில்லியன் டொலரிலிருந்து 110 மில்லியன் டொலராக வீழ்ந்தது. அப்பள்ளத்தை நிரப்ப வேறெதுவும் வரவில்லை. கோதுமை விதைத்தவன் வயிற்றுக்கு ஓரளவு கண்டான்; கடன் தீர்க்க வழி காணவில்லை. முன்னர் நெடுங்காலம் கிலோ ஒன்று ஏறக்குறைய 100 டொலர் விலைபோன அபின், 2024 இன் முற்பாதியில் 730 டொலரை எட்டியது. பழைய சரக்கைப் பதுக்கிவைத்திருந்த நிலவுடைமையாளரும் வணிகரும் செழித்தனர். கையிருப்பில்லா ஏழை மேலும் ஏழையானான். 2024 மே மாதம் பதக்‌ஷான் மாகாணத்தில் செடிகளை அழிக்கச் சென்றோரை மக்கள் எதிர்த்தபோது உயிர்களும் பலியாயின. இத்தகைய தடையை அந்நாடு முன்னரும் கண்டதுண்டு. 2000 ஆம் ஆண்டுத் தடையால் மறு ஆண்டில் 8,000 ஹெக்டேயர் அளவுக்குத் தாழ்ந்த பயிர், ஆட்சி மாறிய பின் 2002 இல் 74,000 ஹெக்டேயராக மீண்டும் எழுந்தது. வேரில் வறுமை இருக்கத் தண்டை மட்டும் வெட்டினால் செடி தளிர்க்காமல் என்ன செய்யும்?

உழவர்க்கு உதவினால், அவ்வுதவியைப் பெறும் பொருட்டே பிறரும் இப்பயிரை நடுவர் என்பார் உளர். இத்தடையைப் புறக்கணித்தல் ஆகாது. பயிரிட்டவனுக்கே பணம் என்று விதித்தால் அவ்விளைவு நேரலாம். அதற்கு விடை டொய் துங்கிலேயே உண்டு. ஆங்கு உதவி செடியை எண்ணி அளிக்கப்படவில்லை. பிரதேசம் முழுமைக்கும் அளிக்கப்பட்டது. வேறு சிலர், உழவர் வாக்குத் தவறுவர் என்பர். தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியாவின் அனுபவம் இதனை மறுக்கின்றது. 2016 ஆம் ஆண்டுச் சமாதான உடன்பாட்டின்படி, கொக்கெயின் தரும் கொக்காச் செடியைத் தாமே பிடுங்க ஏறக்குறைய 99,000 குடும்பங்கள் பதிவு செய்தன. அவற்றுட் பெரும்பாலானவை சொன்னவாறே பிடுங்கின. அரசு வாக்களித்த தொழில் உதவியே பலர்க்கு ஆண்டுக்கணக்கில் வந்து சேரவில்லை.

தாய்லாந்தின் வெற்றியும் முழுமையானதன்று. மலைமக்கள் பலர் குடியுரிமையும் நிலவுரிமையும் இன்றி நெடுங்காலம் வாழ்ந்தனர். எல்லைக்கு அப்பாலுள்ள மியன்மாரில் 2021 ஆம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்பின் பின்னர் போரும் வறுமையும் மிகுந்தன. 2023 இல் அந்நாடு ஆப்கானிஸ்தானை முந்தி உலகின் முதலாவது அபின் விளைநாடாயிற்று. 2025 இல் ஆங்குப் பயிர்நிலம் 53,100 ஹெக்டேயரை எட்டியது. ஒரு வயலின் வரப்பை உயர்த்தினால் வெள்ளம் அயல் வயலிற் புகும். மேலும், நம் நாட்டிலும் ‘ஐஸ்’ என அறியப்படும் இரசாயனப் போதைக்கு வயலும் வேண்டா, மழையும் வேண்டா. அதனை மாற்றுப் பயிராற் தடுக்க இயலாது. எனினும் அதனைக் காரணமாகக் காட்டி மலையுழவனைக் கைவிடுதல் நீதியாகாது.

ஒத்துழைப்பு என்னும் சொல்லுக்கு உண்மைப் பொருள் வேண்டுமாயின் மூன்று காரியங்கள் நிகழ்தல் வேண்டும். முதலாவது, வாழ்வு முன்னும் அழிப்புப் பின்னும் வரவேண்டும். இரண்டாவது, இரண்டு மூன்றாண்டுத் திட்டங்களை விடுத்து ஒரு தலைமுறைக் காலத்துக்குத் திட்டம் வகுக்க வேண்டும். கோப்பிக் கன்று காய்க்கவே சில ஆண்டுகள் செல்லும். மூன்றாவது, செல்வ நாடுகள் விதையை மட்டும் அனுப்பாது, விளைந்த பண்டத்துக்குத் தம் சந்தையையும் திறந்துவிட வேண்டும். போதையை விலைகொடுத்து நுகர்வோர் அந்நாடுகளிலும் உளர். விளைத்தவன் மட்டுமே தண்டத்தைச் சுமத்தல் எவ்வாறு முறையாகும்?

மாற்று அபிவிருத்திக்கான வழிகாட்டு நெறிகளை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013 இல் ஏற்றுக்கொண்டது. நல்ல நெறிகளே, ஆயினும் அவை எந்நாட்டையும் கட்டுப்படுத்தா. செடியை அழித்தல் கடமை என்று எழுதிய அதே உறுதியோடு, உழவனை வாழ்வித்தலும் கடமை என்று உலகநாடுகள் எழுதும் நாளிலேயே இவ்வொத்துழைப்பு நிறைவெய்தும்.