பழைய சீவரத்துக்கு நாய்களுடன்

காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் ஆண்டுதோறும் பொங்கலுக்கு மறுநாள் பாரிவேட்டைக்காகப் பழைய சீவரம் எழுந்தருளுகிறார். வழிநெடுகக் கிராமங்களில் மண்டகப்படி. பிறகு பத்மகிரி என்னும் சிறு குன்றின்மேல் ஏற்றம். அப்புறம் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல். வேட்டை என்று பெயரே தவிர, வேட்டை நாய் ஒன்றைக்கூட அதில் காணோம். இந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, என் சிநேகிதர் ஒருவர் தம் சிப்பிப்பாறை நாயையும், எங்கள் நெசவாளர் தெருவில் வளர்ந்த செவலை நாயையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு, தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அதே வழியில் புறப்பட்டார். நானும் உடன் சென்றேன்.

விடியுமுன் கிளம்பியாக வேண்டும் என்பது அவர் கட்டளை. காரணம் உண்டு. நமக்கு மேனியெங்கும் வியர்க்கிறது. நாய்க்கோ உள்ளங்காலில்தான் சிறிது வியர்க்கும். உடம்பின் உஷ்ணத்தைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைத்தே அது தணித்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நிறுத்திய மோட்டாரில் நாயை அடைத்துவிட்டு, "பத்து நிமிஷந்தானே!" என்று கடைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் உள்ளே உஷ்ணம் ஏறக்குறையப் பத்து டிகிரி ஏறிவிடும். தார்ச் சாலையும் பொல்லாதது. புறங்கையை அதன்மேல் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால், அங்கே நாயை நடத்துவது கொடுமை. செருப்பணிந்த நமக்கு இது தோன்றுவதில்லை.

வாலாஜாபாத்தைத் தாண்டிச் செங்கற்பட்டுச் சாலையில் சென்று, குன்றடியில் இறங்கினோம். சிப்பிப்பாறை, விருதுநகர்ச் சீமையில் முயல் வேட்டைக்குப் பழகிய ஜாதி. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தோடு அந்த உத்தியோகம் போயிற்று. பழைய வாசனை விடவில்லை போலும்; ஒரே பாய்ச்சலில் பாதிக் குன்று ஏறி, அங்கேயே இரைத்துக்கொண்டு நின்றது. செவலையோ எங்கள் நடைக்கு நடை வந்து, கொடுத்த இடத்தில் தண்ணீர் குடித்தது. 2005-ல் இராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டுக் கௌரவித்தார்கள். செவலையின் இனத்துக்கு அப்படி யாரும் செய்யக் காணோம்!

நரசிம்மர் சந்நிதிக்குள் நாய்க்கு இடமில்லை. தருமபுத்திரர் நாயை விட்டுச் சொர்க்கம் புக மறுத்தார்; நாங்கள் இருவரும் முறைவைத்துக்கொண்டு தரிசனத்தை முடித்தோம்.

பாலத்தைக் கடந்து திருமுக்கூடலை அடைந்ததும் ஊர் நாய்கள் சூழ்ந்துகொண்டன. சிநேகிதர் கல்லெடுக்கவில்லை, ஓடவுமில்லை. சங்கிலியைக் குறுக்கிப் பிடித்து மெல்ல நடந்தார். இரண்டு நாய்களுக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறவர் அவர். இவ்வூர்ப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதன் வைத்தியரையும், மருந்துகளையும் பற்றிச் சொல்கிறது. வெறிநாய்க்கடிக்கு மட்டும் அந்நாளில் எங்கும் பரிகாரமில்லை. பாஸ்டர் 1885-ல் ஊசி மருந்தால் ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907-ல் அவர் பெயரால் நிலையமும் ஏற்பட்டது. இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். ஆயினும் கடிவாயில் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு மந்திரிக்கப் போகிறவர்களை நான் பார்க்கிறேன். என் மாணவர்கள் வீட்டிலும் பார்க்கிறேன். நோய் தலைகாட்டிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. கடியானாலும் கீறலானாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒன்பது மணிக்கெல்லாம் திரும்பிவிட்டோம். வண்டியில் ஏற்றுமுன் சிநேகிதர் ஒவ்வொரு காலாகத் தூக்கி விரலிடுக்குகளைச் சோதித்தார். சிப்பிப்பாறைக்கு மூன்று முட்கள். செவலைக்குக் காதில் ஓர் உண்ணி.